சீட்டுக்கட்டும் சிம்மாசனங்களும்

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார். வரலாறா இருந்தா நல்லது. ஆனா பாடப்புத்தகம் மாதிரி இருக்கக்கூடாது" என்று மலர்க் குழு நண்பர் தொலைபேசியில் கேட்டார். கேன்டீன் போண்டாவைப் பற்றியும், ஹாஸ்டல் வார்டனைப் பற்றியும், ஸ்டிரைக் நாட்களைப் பற்றியும் எழுத நம்ம செட்டில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வகுப்பில் நான் ஒவ்வொரு வருஷமும் பாடத்துக்கு வெளியே சொன்ன ஒரு படத்தின் கதையை இங்கே எழுதுகிறேன். தேர்வில் வராது என்று தெரிந்தும் பையன்கள் வாயைப் பிளந்து கேட்ட கதை அது ஒன்றுதான்.

படம் பிரான்ஸ் நாட்டில் 1499-ஆம் ஆண்டை ஒட்டி வரையப்பட்டது. ஐரோப்பாவின் மிகப் பழைய அரசியல் கேலிச்சித்திரங்களில் ஒன்று என்று அறிஞர்கள் இதைச் சொல்வார்கள். தலைப்பு, 'சுவிஸ்காரர்களின் ஆட்டம் தலைகீழானது' என்ற பொருளில் வரும். நடுவில் ஒரு மேசை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டு ஆடுகிறவர்கள் மூன்று பேர்: பிரான்ஸ் அரசர் பன்னிரண்டாம் லூயி, ஒரு சுவிஸ்காரர், வெனிஸ் நகரத்தின் தலைவர். சுற்றிலும் நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டம் சாதாரணக் கூட்டமல்ல. போப்பாண்டவர், ஜெர்மானியப் பேரரசர், இங்கிலாந்து அரசர், ஸ்பெயின் அரசர் என்று அன்றைய ஐரோப்பாவே அங்கே நிற்கிறது. லூயி ராஜாவிடம் நல்ல கை வந்திருக்கிறது. ஒரே இனத்துச் சீட்டுகள் சேர்ந்துவிட்டன. நம்ம மூணு சீட்டில் 'கலர்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

இதிலெல்லாம் எனக்குப் பிடித்தது மேசைக்கு மேலே இருப்பது இல்லை. மேசைக்கு அடியில் ஒருத்தர் குனிந்திருக்கிறார். அவர்தான் மிலான் நகரத்தின் பிரபு. மற்றவர்கள் வேண்டாம் என்று கீழே போட்ட சீட்டுகளைப் பொறுக்கி, அதிலிருந்து ஒரு கை சேருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலே நடக்கிற ஆட்டம் எதற்கு? அவருடைய மிலான் நகரத்துக்குத்தான்!

இதை வெறும் நையாண்டி என்று நினைத்துவிடாதீர்கள். படத்தில் இருப்பதெல்லாம் அந்த வருஷத்துப் பத்திரச் செய்தி. 1499 பிப்ரவரியில் லூயி வெனிஸுடன் ஒப்பந்தம் போட்டார். மிலானைப் பிடித்தால் கிரெமோனா நகரம் வெனிஸுக்கு என்பது பங்கு. மார்ச்சில் சுவிஸ் மாநிலங்களுடன் இன்னொரு ஒப்பந்தம். கூலிக்குச் சண்டை போடுவதில் அந்தக் காலத்தில் சுவிஸ்காரர்களுக்கு இணை கிடையாது. அந்த ஆள்பலம் லூயிக்கு வேண்டியிருந்தது. ஆகப் படத்தில் உட்கார்ந்திருக்கும் மூவரும் அந்த வருஷம் உண்மையிலேயே கணக்கு முடித்துக்கொண்ட மூவர். இலையுதிர் காலம் வருவதற்குள் பிரெஞ்சுப் படை மிலானில் இருந்தது.

அந்தப் பிரபுவின் பெயர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸா. பெயரைச் சொன்னால் தெரியாது. லியனார்டோ டாவின்சியின் 'கடைசி விருந்து' ஓவியத்தை வரையச் சொல்லிக் கூலி கொடுத்தவர் என்றால் தெரியும். ஓடிப்போனவர் சும்மா இருக்கவில்லை. தாமும் சுவிஸ் கூலிப்படையைச் சேர்த்துக்கொண்டு 1500-ல் திரும்பி வந்தார். நோவாரா என்ற இடத்தில் இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றபோது பார்த்தால், இந்தப் பக்கமும் சுவிஸ்காரன், அந்தப் பக்கமும் சுவிஸ்காரன். மாமன் மச்சான் மேல் ஈட்டி எறிய மாட்டோம் என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். பிரபு சுவிஸ் சிப்பாய் வேஷம் போட்டு, வெளியேறும் வரிசையில் நுழைந்து தப்பப் பார்த்தார். ஒரு சுவிஸ்காரனே காட்டிக் கொடுத்தான். பிரான்ஸில் சிறையிலேயே 1508-ல் இறந்தார். கீழே விழுந்த சீட்டைப் பொறுக்குகிறவனுக்குக் கை சேராது என்று ஓவியன் முன்பே வரைந்து வைத்துவிட்டான்.

ஏன் சீட்டாட்டம் என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. ஐரோப்பாவுக்குச் சீட்டுக்கட்டு வந்ததே 1370-களில்தான், அரபு உலகத்து வழியாக. மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்கும் வித்தை பரவியபோது, அதில் மலிவாகத் தயாரான பொருள்களில் சாமி படமும் உண்டு, சீட்டுக்கட்டும் உண்டு. அதே கட்டையில் பிறகு அரசியல் படமும் வந்தது. ஆக ஓவியனுக்கும் வாங்குகிறவனுக்கும் சீட்டு பழகின சங்கதி. சீட்டில் ராஜா, ராணி, ஜாக் என்று அரசவையே இருக்கிறது. ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு ராஜாவே ஆடுகிறார் என்று வரைவதில் கிடைக்கிற குறும்பு வேறு எதில் கிடைக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. நம்ம ஆட்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. திருவள்ளூர் லோக்கலில் போய்வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். நாலு பேர் முழங்காலுக்கு மேல் ஒரு துண்டை விரித்து, ஆவடியில் ஆரம்பித்தால் பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் மூன்று ஆட்டம் முடியும். (பூந்தமல்லி நண்பர்களுக்கு அந்த நாளில் அந்தப் பாக்கியம் இல்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சீட்டா ஆட முடியும்?) ஆடுகிறவர்களை விடச் சுவாரசியமானவர்கள் பின்னால் நின்று கை பார்க்கிறவர்கள். ஒருத்தரும் பேசக்கூடாது என்பது விதி. ஆனால் புருவம் பேசும். நல்ல கை வந்தவன் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வான், ஒன்றுமில்லாதவன் சிரிப்பான். சதுரங்கத்தில் இரண்டு பேருக்கும் எல்லாக் காய்களும் தெரியும். சீட்டில் எதிராளியின் கையை ஊகிக்கத்தான் முடியும். ராஜதந்திரம் என்று நாம் பெரிய வார்த்தை சொல்கிறோமே, அது சதுரங்கத்தை விடச் சீட்டுக்குத்தான் நெருக்கம் என்பது என் அபிப்பிராயம்.

நம்முடைய பத்திரிகைத் தமிழைப் பாருங்கள். 'கடைசித் துருப்புச் சீட்டை இறக்கினார்' என்பார்கள். 'அப்பாவி மக்களைப் பகடைக்காய் ஆக்காதீர்கள்' என்பார்கள். முதல் வாக்கியம் ஆடுகிறவரைப் பற்றியது, இரண்டாவது ஆட்டப் பொருளைப் பற்றியது. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

அடுத்த முந்நூறு ஆண்டுகளில் மேசைப் படங்கள் பெருகின. இங்கிலாந்தின் ஜேம்ஸ் கில்ரே 1805-ல் வரைந்ததில் ஆட்டம் போய்ச் சாப்பாடு வந்துவிட்டது. பிரதமர் பிட்டும் நெப்போலியனும் பூமி உருண்டையை ஒரு புட்டிங் மாதிரி வெட்டித் தட்டில் போட்டுக்கொள்கிறார்கள். 1909-ல் அமெரிக்காவின் 'பக்' என்ற கேலிப் பத்திரிகை மறுபடியும் சீட்டுக்குத் திரும்பியது. அங்கிள் சாம், ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் எல்லாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, பந்தயம் கட்டுவது காசில் இல்லை, போர்க்கப்பல்களில்! 'வரம்பு இல்லை' என்பது படத்தின் தலைப்பு. ஐந்தே வருஷம். 1914 செப்டம்பர் 22 இரவு அப்படி ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகள் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அதுதான் எம்டன். சரியான கெட்டிக்காரனைப் பார்த்து 'அவன் ஒரு எம்டன்' என்று நம் பாட்டிகள் சொன்னது அந்த ராத்திரியிலிருந்துதான். ஐரோப்பிய மேசையில் வைத்த ஒரு சில்லு உருண்டு வந்து நம்ம பீச்சில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரி படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பழக்கம் தமிழ்நாட்டில் எப்போது வந்தது? அதற்கு பாரதியாரிடம் போக வேண்டும். 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அவர் அரசியல் கேலிச்சித்திரங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். தமிழில் அதற்கு முன் அப்படி யாரும் செய்ததில்லை. படம் மட்டும் போட்டால் வாசகனுக்குப் புரியாதோ என்று, படத்தில் இருப்பது இன்னார், இந்த மிருகம் இன்ன அதிகாரி என்று விளக்கமும் போடுவார். கர்ஸன், மிண்டோ, மார்லி என்று பெரிய துரைமார்களெல்லாம் அதில் அகப்பட்டார்கள். 1908-ல் பத்திரிகையின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைதாகி ஐந்து வருஷத் தண்டனை பெற்றார். பாரதியார் புதுச்சேரி போனார், பத்திரிகையும் பின்னால் போனது, 1910-ல் நின்றது. அந்தப் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிச் சேர்த்து 1994-ல் புத்தகமாக்கினார். வரலாறு படித்தவர்கள் வீட்டில் இருக்க வேண்டிய புத்தகம் என்பேன்.

முப்பதுகளில் ஆனந்த விகடனில் மாலி வந்தார். இங்கிலீஷ் படித்த வீடுகளில் 'ஹிந்து' பத்திரிகை வந்தது. அதில் அவ்வப்போது டேவிட் லோ என்பவரின் கார்ட்டூன்கள் வரும். நியூஸிலாந்தில் பிறந்து லண்டனில் வரைந்தவர். மைசூரில் சின்னப் பையனாக இருந்த ஆர். கே. லட்சுமண் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் சொக்கிப்போனார். கையெழுத்தை 'லோ' என்று படிக்காமல் ரொம்ப நாள் 'கௌ', அதாவது பசுமாடு என்றே படித்துக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மவுண்ட் ரோட்டில் அச்சான ஒரு பத்திரிகை, இந்தியாவின் பெரிய கார்ட்டூனிஸ்ட் ஒருவருக்கு லண்டன் ஓவியர் மூலம் வித்தை சொல்லிக் கொடுத்தது நமக்குப் பெருமைதானே!

லோ வரைந்ததில் இரண்டு படங்கள் இந்தக் கட்டுரைக்கு வேண்டும். 1938 செப்டம்பர் கடைசியில் மியூனிக்கில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். ஜெர்மனியின் ஹிட்லர், இத்தாலியின் முசோலினி, பிரிட்டனின் சேம்பர்லின், பிரான்ஸின் தலாதியே. செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. லோவின் படத்தில் நாலு பேரும் நாற்காலியில் இருக்கிறார்கள். ஐந்தாவதாக வந்த ஸ்டாலின், எனக்கு நாற்காலி இல்லையா என்று கேட்கிறார். நல்ல படம்தான். ஆனால் எனக்கு லோவிடம் ஒரு சின்ன வழக்கு உண்டு. செக் நாட்டுப் பிரதிநிதிகள் இரண்டு பேர் அதே மியூனிக் ஊரில் ஒரு ஹோட்டலில் காத்துக்கொண்டிருந்தார்களே, அவர்களுக்கு நாற்காலி எங்கே? நடுராத்திரிக்கு மேல் அவர்களைக் கூப்பிட்டு, உங்கள் நாட்டில் இவ்வளவு போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்டாலின் நாற்காலி கேட்டது ஆடுவதற்கு. ஆட்டப் பொருள் ஆனவன் நாற்காலி கேட்டால் என்ன ஆகியிருக்கும்?

அடுத்த ஆண்டு லோ அதையும் சரிசெய்துவிட்டார். 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் சமரசம் ஆனார்கள். செப்டம்பரில் போலந்து இரண்டு பக்கமிருந்தும் நொறுங்கியது. செப்டம்பர் 20 அன்று வந்த படத்தில் இருவரும் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைந்து, படு மரியாதையாக ஒருவரை ஒருவர் வசைபாடிக் கொள்கிறார்கள். இருவருக்கும் நடுவே தரையில் ஒரு பிணம். அந்தப் பிணம்தான் போலந்து. ஆட்டப் பொருளைப் படத்தின் நட்டநடுவில் போட்டார் பாருங்கள், அங்கே லோ பெரியவர் ஆகிவிட்டார். அவர் படங்களைப் பற்றி ஜெர்மன் பிரசார மந்திரி கோயபல்ஸ் 1937-லேயே பிரிட்டிஷ் மந்திரி ஹாலிஃபாக்ஸிடம் புகார் சொன்னார் என்பது உபரித் தகவல். படம் வரைகிறவனுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

இந்தியா அப்போது எங்கே இருந்தது? மேசையில்தான், ஆனால் சில்லுகளோடு சில்லாக. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். நாட்டில் தேர்தல் நடந்து, எட்டு மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் இருந்தன. ஒருத்தரையும் கேட்கவில்லை. சென்னையில் ராஜாஜி மந்திரிசபை அக்டோபர் கடைசியில் ராஜினாமா செய்தது. அந்தப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் சிப்பாய்களாகப் போனார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் விழுந்ததும் சென்னை காலியாக ஆரம்பித்தது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலிகள் தப்பித்தால் ஆபத்து என்று அவற்றைச் சுட்டே கொன்றார்கள். மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயில் ஏறினார்கள். அரக்கோணம் பக்கம் போன அதே தண்டவாளத்தின் ஓரத்தில் ஆவடியில் பட்டாளம் பெரிய தளம் போட்டிருந்தது. நம் பகுதி முதியவர்கள் 'மிலிட்டரிக்காரன் வந்த வருஷம்' என்று கணக்கு வைத்துப் பேசுவதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். எவனோ எங்கேயோ பந்தயம் கட்டினான், வேலி நம்ம ஊர் மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது.

நாட்டைப் பணயம் வைக்க ஆடுகிறவனுக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வியை ஐரோப்பியப் படங்கள் கேட்பது அபூர்வம். அவை ஆடுகிறவர்களின் மூக்கையும் மீசையையும் கிண்டல் செய்யும். யார் ஏமாற்றுகிறான், யார் ஏமாந்தான் என்று காட்டும். நம்ம பக்கத்தில் கதையே வேறு. வள்ளுவர் 'சூது' என்ற அதிகாரத்தை, 94-ஆவது அதிகாரமாக, பொருட்பாலில் வைத்திருக்கிறார். அரசும் அமைச்சும் படையும் பேசுகிற அதே பாலில். குடும்பத்தைக் கெடுக்கும் கெட்ட பழக்கம் என்று மட்டும் நினைத்திருந்தால் அறத்துப்பாலில் போட்டிருப்பார் என்று நான் வகுப்பில் சொல்வேன். தமிழாசிரியர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. ஸ்டாஃப் ரூமில் இது பற்றி ஒரு தடவை காபி ஆறும்வரை சண்டை நடந்தது.

பாரதக் கதையில் சூதாட்ட மண்டபம் இருக்கிறது. ஒரு பக்கம் சகுனி, மறுபக்கம் தருமன், சுற்றிலும் கை பார்க்கிற பீஷ்மர், துரோணர், விதுரர். 1499 படத்தில் போப்பாண்டவரும் அரசர்களும் நின்ற மாதிரியே பெரிய மனிதர்கள் எல்லாரும் நிற்கிறார்கள், வாயைத் திறக்கிறவர் ஒருவர் இருவர். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் இதை எடுத்து 'பாஞ்சாலி சபத'மாக எழுதி, முதல் பாகத்தை 1912-ல் வெளியிட்டார். பாஞ்சாலியை அவர் பாரத தேவியாகத்தான் பார்த்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் என்னைக் கட்டிப்போடும் இடம், ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டுத் தருமனையே திட்டும் இடம். நல்லவன், தருமவான், தன் கட்சி என்றெல்லாம் பார்க்கவில்லை. நாடு என்ன உன் சொத்தா, எடுத்துப் பணயமாக வைக்க என்று அடித்துவிடுகிறார். சகுனி மோசடிக்காரன் என்பது சின்ன விஷயமாகிவிடுகிறது. ஒழுங்காக ஆடியிருந்தால் மட்டும் சரியா? என்று கேட்கத் தோன்றுகிறது.

பிறகு பாஞ்சாலி வருகிறாள். இந்த ஆட்டப் பொருளுக்கு வாய் இருக்கிறது. தன்னைத் தோற்றுவிட்டு என்னை வைத்தானா, என்னை வைத்துவிட்டுத் தன்னைத் தோற்றானா என்று சபையைக் கேட்கிறாள். சட்டக் கேள்வி! பீஷ்மரே தடுமாறுகிறார். மிலான் பிரபு மேசைக்கு அடியில் சீட்டுப் பொறுக்கினார். செக் நாட்டுக்காரர்கள் ஹோட்டலில் காத்திருந்தார்கள். போலந்து பிணமாகக் கிடந்தது. மேசை மேலே ஏறி, இந்த ஆட்டமே செல்லுமா என்று கேட்ட ஒரே ஆட்டப் பொருள் நம்ம கதையில்தான் இருக்கிறது. கேலிச்சித்திரத்தை முதலில் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இதை எழுதியவரும் ஒரே ஆள் என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இனி கடைசிக் காட்சி. 1944 அக்டோபர் 9, மாஸ்கோ. ராத்திரி நேரம். சர்ச்சிலும் ஸ்டாலினும். சர்ச்சில் ஒரு அரைத்தாள் காகிதத்தில் கணக்கு எழுதுகிறார். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம். கிரேக்கத்தில் பிரிட்டனுக்கு 90. பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75. ஹங்கேரி 50-50. யூகோஸ்லாவியா 50-50. எழுதி மேசை மேலே தள்ளுகிறார். ஸ்டாலின் நீலப் பென்சிலை எடுத்து ஒரு டிக் போட்டுத் திருப்பித் தள்ளுகிறார். இத்தனை லட்சம் பேர் தலையெழுத்தை இப்படி முடித்தது வெளியே தெரிந்தால் நன்றாக இருக்குமா, காகிதத்தை எரித்துவிடலாமா என்று சர்ச்சில் கேட்க, வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஸ்டாலின். சர்ச்சிலே தம் போர் நினைவு நூலின் கடைசித் தொகுதியில் இதை எழுதியிருக்கிறார். ஒரு கார்ட்டூனிஸ்ட் இதை வரைந்திருந்தால், 'ரொம்ப மிகைப்படுத்துகிறாய் அப்பா' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். சதவீதக் கணக்கு வெறும் பேச்சாகவே போயிற்று என்று சொல்லும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. ஆனால் கிரேக்கத்தில் பிரிட்டிஷ் படை அந்த டிசம்பரிலேயே இறங்கிச் சண்டை போட்டபோது ஸ்டாலின் வாயே திறக்கவில்லை.

அந்த 50-50 நாட்டில் டிட்டோ என்று ஒருவர் இருந்தார். கொரில்லாப் படை திரட்டி ஜெர்மானியரோடு மோதியவர். போருக்குப் பிறகு 1948-ல் ஸ்டாலினே அவரைக் கம்யூனிஸ்ட் நாடுகளின் கூட்டிலிருந்து வெளியே தள்ளினார். மனிதர் அசையவில்லை. இந்தப் பக்கம் ஐம்பதும் வேண்டாம், அந்தப் பக்கம் ஐம்பதும் வேண்டாம் என்று தனியாக நின்றார்.

1955 ஜனவரியில் காங்கிரஸின் அறுபதாவது மாநாடு நடந்தது. எங்கே? நம்ம ஆவடியில்! உ. ந. தேபர் தலைவர். காமராஜர் முதலமைச்சர். மாநாட்டு மைதானத்துக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி, நாம் எல்லாரும் எழுதியிருக்கிறோம். பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டது, அந்த மாநாட்டுக்கு விருந்தாளியாக வந்தவர்களில் மார்ஷல் டிட்டோவும் ஒருவர் என்பதை. சர்ச்சிலின் அந்தப் புத்தகம் வெளிவந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மாஸ்கோவில் ஒரு துண்டுக் காகிதத்தில் பாதிப் பாதியாகப் பிரித்து டிக் போடப்பட்ட நாட்டின் தலைவர், பத்தே வருஷத்தில், பட்டாளம் காலி செய்த நம்ம பொட்டல் காட்டுப் பந்தலில் நேருவோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அதே வருஷம் ஏப்ரலில் பாண்டுங் மாநாடு. 1961-ல் டிட்டோவின் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு. ஆட்டப் பொருளாக இருந்த நாடுகள் தங்களுக்கென்று நாற்காலி போட்டுக்கொண்ட காலம் அது.

இதை நான் ரொம்பப் பூசி மெழுகவும் விரும்பவில்லை. அந்த ஆவடியிலேயே 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது, வடிவமைப்பு பிரிட்டிஷ் விக்கர்ஸ் கம்பெனியுடையது. நாற்காலி கிடைத்தால் சீட்டும் கையில் வேண்டியிருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதைப் பற்றி இன்னொரு மலரில் சண்டை போட்டுக்கொள்ளலாம். (போகிற போக்கில் ஒன்று: ஆவடி என்பது டாங்கி சம்பந்தமான இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்துச் சுருக்கம் என்று வாட்ஸ்அப்பில் நம் நண்பர்களே சுற்றவிடுகிறார்கள். டாங்கி வருவதற்குப் பத்து வருஷம் முன்பே 'ஆவடி காங்கிரஸ்' என்று நாடே சொன்னது. அப்புறம் எப்படி ஐயா அது டாங்கியின் சுருக்கம்?)

இந்த மலரைப் படிக்கிற ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம், திருநின்றவூர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த 1955 மாநாட்டுக்குத் தொண்டராகவோ, வேடிக்கை பார்க்கவோ, பந்தலுக்கு மூங்கில் கொண்டுபோகவோ போயிருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ, ஒரு பாஸ், ஒரு துணி பேட்ஜ் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சங்கமம் அன்றைக்குக் கொண்டு வாருங்கள். வரலாற்றுத் துறை வராந்தாவில் ஒரு மேசை போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.